ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்த 48 வோல்ட் நேர்மின் ஜெனரேட்டர்

தாண்டிக்குடிப் பக்கத்து மலைத் தோட்டத்தில் ஐப்பசி பிறந்துவிட்டால் சூரியப் பலகைகளை நம்பியிருக்க முடியாது. அடைமழையும் மூடுபனியும் சேர்ந்து நான்கைந்து நாட்கள் வெயிலே தெரியாத வாரங்களில், எங்கள் வீட்டின் 48 வோல்ட், 200 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிகளை நிரப்ப வேறு வழி தேவைப்பட்டது. ஏழு ஆண்டுகளாக ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் அந்த வேலையைச் செய்துவந்தது. அது 230 வோல்ட் மாறுமின்சாரத்தை (ஏ.சி.) உண்டாக்கும். அதைச் சார்ஜர் நேர்மின்சாரமாக (டி.சி.) மாற்றி பேட்டரிக்குக் கொடுக்கும். இப்படிச் சுற்றிவந்து சேர்வதில், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பேட்டரியில் நின்றது ஏறத்தாழ ஒரு யூனிட்தான். சென்ற ஆண்டு அதைக் கைவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு சிறு பட்டறையில் சொல்லிச் செய்த நேர்மின் ஜெனரேட்டரை வாங்கினோம். ஒரு மழைக்காலம் முழுவதும் அதை ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

இன்ஜின் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கிணற்று மோட்டாருக்கு மாற்றாக ஊர்ப்புறங்களில் 'பீட்டர் டைப்' என்று வாங்கும், தண்ணீரால் குளிரும் 5 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். அதன் பெரிய புல்லியிலிருந்து லாரியில் மின்சாரம் உண்டாக்கப் பொருத்தும் 24 வோல்ட் ஆல்டர்னேட்டர் ஒன்றை மூன்று மடங்கு வேகத்தில் பெல்ட் சுழற்றுகிறது. 24 வோல்ட் ஆல்டர்னேட்டர் 48 வோல்ட் பேட்டரியை எப்படி நிரப்பும் என்று முதலில் எனக்கும் ஐயம் இருந்தது. ஆல்டர்னேட்டர் தரும் வோல்ட் அளவை அதன் சுழல் வேகமும், காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலில் ஓடும் மின்னோட்டமும்தாம் முடிவு செய்கின்றன. வேகத்தைக் கூட்டி, வோல்ட்டைக் கட்டுப்படுத்த உள்ளிருக்கும் ரெகுலேட்டரை நீக்கிவிட்டால் அதே ஆல்டர்னேட்டர் இரு மடங்கு வோல்ட்டையும் தரும். ஆனால் இத்தகைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டையோடுகள், வண்டியின் மின்கருவிகளைக் காப்பதற்காக, வோல்ட் அளவு ஓர் எல்லையைத் தாண்டாதபடி தாமே தடுத்து நிறுத்துபவை. ஆகவே பட்டறையினர் அவற்றைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் மூன்று மாறுமின்சாரக் கம்பிகளையும் வெளியே கொண்டுவந்து, அலுமினியத் தகட்டில் பதித்த கனமான டையோடுகளுடன் இணைத்திருக்கிறார்கள். இந்த நுணுக்கம் தெரிந்து செய்ததால்தான் அவர்களுடைய மற்ற வேலையையும் நம்பத் தோன்றியது. வோல்ட் கூடும்போது அதே திறனுக்கு ஆம்பியர் பாதியாகிவிடுவதால், டையோடுகளில் வெப்பமாக வீணாகும் பங்கும் குறைகிறது.

கொடுத்த விலைக்கு உண்மையில் மதிப்பைச் சேர்ப்பது இவற்றை ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான். 35 ஆம்பியர் வெளிவரும் இயந்திரத்தை, ஃபீல்டு காயிலில் ஓடும் மூன்று நான்கு ஆம்பியரைக் கூட்டிக் குறைத்தே இது முழுவதுமாக ஆளுகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஒரு நிமிடம் சுமையே ஏற்றாமல் விட்டு, அதன் பிறகு மெதுவாக மின்னோட்டத்தை உயர்த்துகிறது. சட்டென்று முழுச் சுமையை ஏற்றினால் சிறிய இன்ஜின் திணறி நின்றுவிடும், அல்லது இன்ஜினின் வேகத்தைக் காக்கும் கவர்னரும் மின்னோட்டத்தை ஆளும் ரெகுலேட்டரும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு இன்ஜினின் வேகம் ஏறி இறங்கித் தவிக்கும். 35 ஆம்பியரில் நிலைநிறுத்தி 57.6 வோல்ட் வரை ஏற்றிய பின், அந்த வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஆம்பியரைத் தானாகக் குறையவிடுகிறது. பேட்டரியின் வெப்பநிலையையும் அது பார்க்கிறது: 25 டிகிரிக்கு உரிய 57.6 வோல்ட்டை, மலைக்குளிரில் பேட்டரி 15 டிகிரிக்கு இறங்கியிருக்கும்போது 58.5 வரை உயர்த்திக்கொள்கிறது. இந்தத் திருத்தம் இல்லாத பழைய சார்ஜர், குளிர்காலம் முழுவதும் எங்கள் பேட்டரிகளைக் குறையாகவே நிரப்பி வந்திருக்கிறது.

மாறுமின்சார ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸை விட்டு விலகக் கூடாது. நான்கு காந்தத் துருவம் கொண்டதென்றால், ஒரு பல்பு எரிந்தாலும் ஊர் முழுக்க விளக்கு எரிந்தாலும் நிமிடத்திற்கு 1,500 சுற்று ஓடியே ஆக வேண்டும். நேர்மின்சாரத்திற்கு அந்தக் கட்டு இல்லை. பேட்டரி நிறைந்து ஆம்பியர் 12 அளவுக்கு இறங்கியதும், கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு சிறு மோட்டாரால் கவர்னர் ஸ்பிரிங்கைத் தளர்த்தி இன்ஜினை 1,100 சுற்றுக்குக் கொண்டுவருகிறது. இரைச்சல் தணிவது பக்கத்து அறையிலேயே தெரிகிறது. இன்ஜினை விலைக்கு வாங்குவது எளிது. அதன் வேகத்தை இப்படிச் சுமையின் பின்னால் நடக்கவிடுவதற்காகத்தான் நான் இந்த ஜெனரேட்டரைப் பரிந்துரைக்கிறேன்.

இந்த ஏற்பாடு புதியதன்று. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் சார்லஸ் கெட்டரிங்கின் முயற்சியால் 1916-இல் விற்பனைக்கு வந்த டெல்கோ-லைட், மின்கம்பி எட்டாத பண்ணை வீடுகளுக்கு ஒரு சிறு இன்ஜினையும் பதினாறு கண்ணாடி செல்களையும் கொண்டு 32 வோல்ட் நேர்மின்சாரம் தந்தது. வீடு பேட்டரியில் வாழும். இன்ஜின் அதை நிரப்பிவிட்டு ஓய்வெடுக்கும். டீசல் இன்ஜினுக்கும் இதுவே நல்லது, ஏனெனில் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடினால் அதில் கரி படியும்.

நான் குறித்துவைத்த அளவுகளில், நான்கு மணி நேர ஓட்டத்திற்கு 3.7 லிட்டர் டீசல் செலவாகி 7.4 யூனிட் பேட்டரிக்குச் சென்றது. லிட்டருக்கு இரண்டு யூனிட். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ பத்து யூனிட் ஆற்றல் இருக்கிறது என்று பார்த்தால் இது குறைவாகத் தோன்றலாம்; இவ்வளவு சிறிய இன்ஜினிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமன்று.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலில் வந்த ஒற்றை பெல்ட், ஆல்டர்னேட்டரின் சிறிய புல்லியைப் போதிய அளவு சுற்றிப் பிடிக்காததால், இரண்டே வாரத்தில் வழுக்கிக் கருகியது. இரட்டை பெல்ட் புல்லியைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியை இன்ஜின் சட்டத்தின் மீதே பொருத்தியிருந்தார்கள். அதிர்வில் ஒரு ஈயப்பற்று விட்டுப்போனதும் அதைக் கழற்றிச் சுவரில் மாட்டினேன்.

என்னால் எளிதில் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு வேறொன்று. பேட்டரிக்குச் செல்லும் கம்பியில் வீட்டு மாறுமின்சாரத்திற்கான சாதாரண எம்.சி.பி.யை (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்சை) போட்டிருந்தார்கள். மாறுமின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொடுவதால் அதன் தீப்பொறி தானே அணைகிறது. நேர்மின்சாரத்தில் அப்படி ஓர் இடைவெளி இல்லாததால் பொறி தொடர்ந்து எரிந்து பெட்டியையே கொளுத்திவிடக்கூடும். அதற்கு மேல், பொருத்த வந்த பையன், "நிறுத்தணும்னா இதை இறக்கிவிட்டிருங்கண்ணா" என்று அந்த எம்.சி.பி.யையே காட்டினான். 35 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் துண்டித்தால், ஃபீல்டு காயிலின் காந்தப்புலம் உடனே அடங்காமல் வோல்ட் பன்மடங்கு எகிறி, டையோடுகளையும் ரெகுலேட்டரையும் ஒரே நொடியில் எரித்துவிடும். முதலில் ஃபீல்டை நிறுத்தி, பிறகு இன்ஜினை நிறுத்தி, கடைசியில்தான் பேட்டரியைப் பிரிக்க வேண்டும். நான் தொலைபேசியில் இதை விளக்கியபோது பட்டறை உரிமையாளர் மறுக்காமல் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமே, இந்த வரிசையைத் தானே பின்பற்றும் ஒற்றை நிறுத்து பொத்தானையும் நேர்மின்சாரத்திற்கு உரிய பிரேக்கரையும் அனுப்பிவைத்தார்.

பொருத்தும் கூலி சேர்த்து 94,000 ரூபாய் ஆனது. செய்து முடிக்க ஆறு வாரம் எடுத்துக்கொண்டார்கள். மின்வாரியத்தின் இணைப்பு உள்ள வீட்டிற்கு, எப்போதாவது வரும் மின்வெட்டுக்காக இதை வாங்குவது வீண் செலவு. ஏற்கெனவே 48 வோல்ட் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்துக்கொண்டு மழை மாதங்களில் தவிப்பவர்களுக்கு இது பொருந்தும். சொல்லிச் செய்யும்போது பேட்டரி ஈய-அமிலமா லித்தியமா என்பதையும், அதைத் தயாரித்தவர் குறித்த சார்ஜ் வோல்ட்டையும் எழுதியே கொடுத்துவிடுங்கள்; பெட்டியின் அளவுகளைப் பட்டறையிலேயே பூட்டி அனுப்புகிறார்கள், பிறகு இங்கிருந்து மாற்ற வழியில்லை.