டி-206 பேஸ்பால் கார்டு வாங்குவோர் கவனத்துக்கு: லெனாக்ஸ், யுஸிட், வெற்றுப் பின்பக்கம் மூன்றும் போலி

அமெரிக்க ஏலத் தளம் ஒன்றில் "தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்தவை" என்ற விளக்கத்தோடு இரண்டு டி-206 கார்டுகள் 1,500 டாலருக்கு விலை போயின. ஒன்றின் பின்பக்கத்தில் லெனாக்ஸ் சிகரெட் விளம்பரம், இன்னொன்றில் யுஸிட் சிகரெட் விளம்பரம். ஏலம் முடிந்த கையோடு விற்றவர் தனிச்செய்தி அனுப்பினார்: மூன்றாவதாக, பின்னால் எதுவும் அச்சாகாத வெற்றுப் பின்பக்கக் கார்டும் ஒன்று இருக்கிறது, தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் 900 டாலருக்குத் தருகிறேன் என்று. எங்கள் சேகரிப்பாளர் வட்டத்தில் உள்ள ஒருவர் மூன்றையும் வாங்கினார். மூன்றில் ஒன்றுகூட விற்றவர் சொன்ன பொருள் அல்ல. 1,500 டாலர் திரும்பி வந்தது. 900 போனது போனதுதான்.

இந்த வகைக் கார்டுகளுக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாக: 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட், புகையிலைப் பொட்டலங்களுக்குள் போட்டுக் கொடுத்த பேஸ்பால் வீரர் படங்களே டி-206. இந்த எண்ணைக் கொடுத்தவர் அமெரிக்காவின் அச்சுக் கார்டுகளை வகைப்படுத்திப் பட்டியலிட்ட ஜெஃபர்சன் பர்டிக். வழக்கமான கணக்கில் 524 முகங்கள், பின்னால் 16 பிராண்டுகளின் விளம்பரங்கள். பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் இரண்டும் தெருவுக்குத் தெரு கிடைத்தவை. டிரம், யுஸிட், லெனாக்ஸ், பிராட் லீஃப் 460 (பிராண்டுக்குப் பின் வரும் எண் தொடரைக் குறிக்கும்), பழுப்பு மை ஓல்ட் மில், சிவப்பு ஹிந்து போன்றவை அரிது. பெயரைப் பார்த்து ஹிந்துவிலிருந்து தொடங்க நம்மவர்களுக்கு ஆசை வரும். பழுப்பு ஹிந்து எட்டக்கூடியது, சிவப்பு அப்படியல்ல.

நைந்துபோன சாதாரண வீரர் கார்டு பீட்மான்ட் பின்பக்கத்தோடு வந்தால் சில பத்து டாலர்தான். அதே வீரர், அதே படம், பின்னால் லெனாக்ஸ் என்றால் விலை பல மடங்கு ஏறும். மோசடிக்காரரின் கண் இங்கேதான். முகப்பு பல வண்ணக் கல் அச்சு, அதைப் போலியாகச் செய்வது கடினம். பின்பக்கமோ ஒரே மையில் எழுத்தும் கோடும் மட்டும். அதனால் முகத்தை உண்மையாகவே வைத்துக்கொண்டு முதுகை மட்டும் மாற்றுகிறார்கள். வாங்குகிறவர் முகத்தைச் சோதித்துத் திருப்திப்பட்டுவிடுகிறார்.

லெனாக்ஸ் கார்டின் முகப்பு உண்மையானது. பழைய ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டப்பட்டு, பிய்த்தெடுக்கும்போது பின்பக்கத் தாள் முழுதும் ஆல்பத்தோடே போய்விட்ட கார்டு அது. அப்படிப்பட்டவை மலிவாகக் கிடைக்கும். அதன் முதுகில் வேறொரு பழைய தாளை ஒட்டி, அதில் லெனாக்ஸ் விளம்பரத்தை அச்சடித்திருக்கிறார்கள். 10 மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் வைத்துப் பார்த்ததில் கதை முடிந்தது. உண்மையான டி-206 பின்பக்க எழுத்தில் மை இடைவெளியின்றிப் படிந்திருக்கும். எழுத்தின் விளிம்பு திடமாக இருக்கும். இதில் கறுப்பு என்று தெரிந்தது நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளின் கலவை. வீட்டு பிரிண்டரின் வேலை. முகப்பில் வீரர் பெயருக்கும் இதே சோதனைதான்: பெயர் பழுப்பு மையில் தனியாக, திடமாக அச்சாகியிருக்க வேண்டும். எழுத்துக்குள் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் மொத்தக் கார்டும் மறுஅச்சு.

புற ஊதா விளக்கை மட்டும் நம்பியவர்கள் இங்கே கவனிக்கவும். தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருட்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே தாள் தயாரிப்பில் பரவின. அதனால் நோட்டுச் சோதிக்கும் சின்ன விளக்கின் கீழ் 1910 அட்டை மங்கலாகவே இருக்கும், புதுத் தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். விளக்கம் சரிதான். ஆனால் இந்தக் கார்டின் பின்பக்கம் பளிச்சிடவில்லை. பழைய புத்தகங்களின் முன்னும் பின்னும் அச்சில்லாத வெற்றுத் தாள் இருக்குமே, அதுபோன்ற ஒன்றைத்தான் ஒட்டியிருக்கிறார்கள். பளிச்சிட்டது பசை. கார்டைக் குத்தாக நிறுத்தி ஓரத்தில் விளக்கடித்தபோது நாலு விளிம்பிலும் மெல்லிய ஒளிக்கோடு ஓடியது. விளக்கு வைத்திருப்பவர்கள் முகத்தையும் முதுகையும் பார்த்துவிட்டு நிறுத்தாமல் விளிம்பையும் பார்க்க வேண்டும்.

தடிமனும் காட்டிக்கொடுத்தது. ஒரு சாதாரண பீட்மான்ட் கார்டை எப்போதும் ஒப்பீட்டுக்காகக் கையில் வைத்திருங்கள். வெர்னியர் காலிப்பரில் இரண்டையும் நாலு ஓரத்திலும் நடுவிலும் மென்மையாக அளக்கவும். இறுக்கினால் அட்டை நசுங்கும். ஒரே கார்டுக்குள் ஓரத்துக்கு ஓரம் தடிமன் மாறினால் சந்தேகப்படலாம். ஆல்பப் பசையை நீக்க காய்ச்சி வடித்த நீரில் கார்டை ஊறவைப்பது சேகரிப்பாளர் பலர் செய்வதுதான், அசல் அச்சு மை அதைத் தாங்கும், ஒட்டுக் கார்டு இரண்டாகப் பிரிந்துவிடும். ஆனால் பணம் திரும்பும்வரை தண்ணீர் பக்கமே போகாதீர்கள். பிரிந்த கார்டை "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்லி விற்றவர் கைகழுவிவிடுவார்.

இரண்டாவது கார்டுக்கு லென்ஸே தேவைப்படவில்லை. முகத்தில் நாஷ்வில் அணி வீரர். பின்னால் யுஸிட்.

டி-206-இல் தென்மாநிலச் சிறு லீக்குகளைச் சேர்ந்த 48 வீரர்கள் உண்டு, நாஷ்வில் அவர்களில் ஓர் அணி. அந்த 48 பேரும் வருவது பீட்மான்ட் 350, ஓல்ட் மில், பழுப்பு ஹிந்து ஆகிய பின்பக்கங்களில் மட்டும். ஹிந்து பின்பக்கம்கூட 34 பேருக்குத்தான் உண்டு. யுஸிட் 460 தொடர்க் காலத்தைச் சேர்ந்தது. முகம் அச்சான காலமும் முதுகு அச்சான காலமும் சந்திக்கவே இல்லை. 150, 350, 460 என்று பின்பக்கத்தில் வரும் எண்கள் அலங்காரமல்ல. எந்த வீரர் எந்தத் தொடரில் அச்சானார் என்பதை வைத்து எந்த விளம்பரம் வர முடியும், எது வரவே முடியாது என்று சொல்லிவிடலாம். பணம் கட்டும் முன் முகம்-முதுகுப் பட்டியலைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

மனப்பாடமாகவே வைத்துக்கொள்ள வேண்டிய சில சேர்க்கைகள்: பெயர் தப்பாக அச்சான 'மேகீ' கார்டு பீட்மான்ட் 150-இல் மட்டும் வரும். செயின்ட் லூயிஸ் என்று குறிப்பிடும் டெமிட், ஓஹாரா இருவருக்கும் போலார் பேர் மட்டும். 'நேஷனல்' என்பதன் சுருக்கத்தோடு வரும் நியூயார்க் டாயில் பீட்மான்ட் 350 மட்டும். ஹோனஸ் வாக்னருக்கு ஸ்வீட் கேப்போரல் 150, பீட்மான்ட் 150 இரண்டே. டை காப் பெயரிலேயே வந்த புகையிலை விளம்பரம் அவருடைய சிவப்புப் பின்னணி முகப்படத்தில் மட்டும். தென்மாநில வீரர் ஒருவரைச் 'சிவப்பு ஹிந்து' என்று யாராவது விற்றால், பழுப்பு ஹிந்துவின் படத்தில் நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள். படத்தில் கார்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாளும் ரோஸ் நிறத்தில் தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும்.

நாஷ்வில்-யுஸிட் பொருந்தாது என்று கேட்டதற்கு வந்த பதில்: "இதுவரை யாரும் கண்டுபிடிக்காத சேர்க்கை. அதனால்தான் இந்த விலை." புதுச் சேர்க்கைகள் எப்போதாவது உறுதியாவது உண்மைதான். அப்படி உறுதியாகக்கூடிய கார்டை விஷயம் தெரிந்த எவரும் தரச்சான்று வாங்காமல் பரண் கதையோடு விற்கமாட்டார்.

இந்தக் கார்டில் பின்பக்க மை அசல். முகம் பாழான ஓர் உண்மை யுஸிட் கார்டின் முதுகைத் தோல் உரிப்பதுபோல் உரித்து, நாஷ்வில் முகத்தோடு சேர்த்திருக்கிறார்கள். எனவே அச்சுச் சோதனையில் தேறிவிடும். மாட்டிவிட்டது தேய்மானம். முகத்தில் இடது மேல் மூலையில் ஆழமான மடிப்பு, பின்னால் அதே இடத்தில் மடிப்பின் சுவடே இல்லை. பின்னால் கீழ்ப்பக்கம் எண்ணெய்க் கறை, முன்னால் அது ஊறி வரவில்லை. நூறு வருடம் ஒன்றாக இருந்த முகமும் முதுகும் மடிப்பையும் கறையையும் பகிர்ந்துகொண்டிருக்கும். மூலைகளின் தேய்ந்த வளைவும் இரண்டு பக்கத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒட்டியபின் ஓரத்தைச் சமப்படுத்த வெட்டியிருந்தால், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தும் மறுபக்கம் கூராகவும் தெரியும்.

அளவையும் சொல்லிவிடுகிறோம்: சராசரி டி-206 அகலம் 1 7/16 அங்குலம், உயரம் 2 5/8 அங்குலம். அமெரிக்கன் பியூட்டி பின்பக்கக் கார்டுகள் இயல்பிலேயே குறுகலானவை, அவற்றைப் பார்த்து வெட்டப்பட்டவை என்று பயப்பட வேண்டாம். மற்றவை அந்த அளவுக்குக் குறுகினால் யோசிக்கவும். வெட்டுதல் சாதாரணக் கார்டுக்கு மட்டும் நடப்பதல்ல. உலகிலேயே புகழ்பெற்ற வாக்னர் கார்டின் ஓரத்தை வெட்டியதாக ஏல நிறுவன அதிபர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் சிகாகோ நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். உயர்ந்த தரச்சான்று வாங்கிய கார்டு அது.

மூன்றாவது, வெற்றுப் பின்பக்கம். அச்சகத்தில் பின்பக்கம் அச்சாகாமல் விடுபட்டு வெளியே வந்த கார்டுகள் உண்மையிலேயே உண்டு, நல்ல விலையும் பெறும். போலி செய்வதற்கு இதைவிட எளிது வேறில்லை: பீட்மான்ட் கார்டின் பின் அடுக்கை ஈரப்படுத்தி உரித்தால் போதும். மேசை விளக்கைக் கார்டுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். அசல் பின்பக்கம் வழவழப்பாக இருக்கும்; உரித்ததில் நார்கள் எழும்பி நிற்கும். இந்தக் கார்டில் நார்களைத் தேய்த்து மழுப்பியிருந்தார்கள், ஆனால் ஒரு மூலையில் பீட்மான்டின் நீல மை ஊசிமுனை அளவுக்கு எஞ்சியிருந்தது. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் ஒப்பீட்டுக் கார்டைவிட எடை தெளிவாகக் குறைந்தது. தராசு விலை அதிகமில்லை, வாங்கி வையுங்கள்.

தரநிர்ணய நிறுவனம் சோதித்து, சான்று எண்ணோடு மூடித் தரும் தரச்சான்றுப் பெட்டிக்குள் இருக்கும் கார்டு என்றால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு: பெட்டியே போலியாக வருகிறது. சான்று எண்ணைத் தரநிர்ணய நிறுவனத்தின் தளத்தில் போட்டால் சரியான விவரம்தான் வரும், காரணம் எண் வேறொரு அசல் பெட்டியிலிருந்து எடுத்தது. எண்ணோடு நிறுத்தாமல் அங்கே படம் இருந்தால் கறை, மூலை, ஓர இடைவெளி ஆகியவற்றை ஒப்பிடவும். டி-206-இன் பழைய பெட்டி லேபிள்கள் பலவற்றில் பின்பக்க பிராண்டின் பெயரே இருக்காது. அப்படிப்பட்ட பெட்டியில் 'அரிய பின்பக்கம்' என்பது விற்பவரின் கூற்று மட்டுமே; பெட்டியின் பின்புறப் படத்தைப் பெரிதாக்கி நீங்களே படித்துப் பாருங்கள்.

சட்டம் காப்பாற்றுமா? நகல் நாணயத்தில் 'நகல்' என்று பொறிக்கச் சொல்லும் 1973-ஆம் வருட அமெரிக்கச் சட்டம் பேஸ்பால் கார்டுகளுக்குப் பொருந்தாது. எனவே எந்தக் குறியும் இல்லாத மறுஅச்சுகள் சந்தையில் தாராளம். அவற்றைத் தேநீரில் நனைத்து, மூலையைத் தேய்த்து, பழையதாக்கி விற்கும்போதுதான் அது மோசடி. தபாலில் வந்திருந்தால் அமெரிக்க அஞ்சல் புலனாய்வுத் துறையிடமும், இணையத்தில் நடந்திருந்தால் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் புகார் பதியலாம்.

பணம் எப்படிப் போனது, எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். முதல் இரண்டு கார்டுக்கும் தளத்தின் வழியாகவே பணம் கட்டியதால், 'விளக்கத்துக்கு மாறான பொருள்' என்ற காரணத்தில், லென்ஸ் வழியாக எடுத்த படங்களோடு புகார் போய் முழுத் தொகையும் வந்தது. நடுவில் விற்றவர், நல்ல மதிப்புரை போட்டால் 300 டாலர் திருப்பித் தருகிறேன் என்று ஆசை காட்டினார். அந்தச் செய்தியும் ஆதாரமாகத்தான் பயன்பட்டது. பேச்சை எப்போதும் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். மூன்றாவது கார்டுக்கு பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' வகையில் பணம் அனுப்பச் சொல்லியிருந்தார். அந்த வகைக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. 'பொருள், சேவை' வகையில் அனுப்பியிருந்தால் 180 நாட்கள் வரை தகராறு எழுப்பியிருக்கலாம். கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் என்று விற்பவர் சொன்னால், அந்தக் கட்டணத்தை நாமே தருகிறோம் என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால் பேச்சை அங்கேயே முடிக்கலாம். கார்டைத் திருப்பி அனுப்பும்போது கண்காணிப்பு எண்ணோடும் கையொப்பத்தோடும் அனுப்பவும். பொதி கட்டுவதைப் படமெடுத்து வைக்கவும். காலி உறை வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

இரண்டு கார்டுகள் விற்றவர் கைக்கே திரும்பிவிட்டதால், வேறு பெயரில், வேறு தளத்தில் மறுபடி வரும் என்றே எதிர்பார்க்கிறோம். அடையாளம் இதுதான். லெனாக்ஸ்: பின்பக்கத்தின் மேல் வலது ஓரத்தில் பசை லேசாகப் பொங்கிக் காய்ந்த தடம், விளம்பரம் முழுதும் இடப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். நாஷ்வில்-யுஸிட்: முகத்தில் இடது மேல் மூலை மடிப்பு, பின்னால் கீழே நடுவில் நீள்வட்ட எண்ணெய்க் கறை. பின்பக்கப் படம் மங்கலாக இருந்தாலோ, அந்தக் கறை இருக்கும் இடம் விரலால் மறைக்கப்பட்டிருந்தாலோ, ஏலம் கேட்கும் முன் தெளிவான படம் கேளுங்கள்.