ஃபாஸ்ட்சிஜிஐ: வேகத்தில் குறையில்லை, அந்த ஒற்றை பாத் (path) தான் உயிரை வாங்குகிறது

பிஎச்பி தளத்தைக் கன்டெய்னருக்கு (அப்ளிகேஷனைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டிக்கு) மாற்றப்போகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். வெப் சர்வரான என்ஜின்எக்ஸுக்கும், பிஎச்பி கோடை (நிரலை) ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்முக்கும் நடுவே பேச்சு மொழியாக ஃபாஸ்ட்சிஜிஐயே இருக்கட்டுமா, இல்லை எச்டிடிபி பேசுகிற ஒன்றுக்குப் போய்விடலாமா? வருடக்கணக்கில் ஓட்டியபின் எழுதுவது இது.

வேகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1996-ல் ஓப்பன் மார்க்கெட் நிறுவனம் வெளியிட்ட வரையறை இன்றும் அப்படியே ஓடுகிறது. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் 8 பைட் ஹெடர், அதன்பின் அதிகபட்சம் 65,535 பைட் உள்ளடக்கம். பழைய சிஜிஐ போல ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது புராசஸ் பிறந்து சாவதில்லை. தளம் மெதுவாக இருந்தால் குற்றவாளி டேட்டாபேஸாக இருக்கும், இந்த புரோட்டோகால் அல்ல.

எரிச்சல் முழுக்க ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் என்ற ஒரு மாறியில் குடியிருக்கிறது. எச்டிடிபி ப்ராக்ஸி என்றால் வெப் சர்வர் யூஆர்எல்லை அனுப்பும், எந்தக் கோடு ஓடவேண்டும் என்பதை அப்ளிகேஷன் தீர்மானிக்கும். பிஎச்பி-எஃப்பிஎம்மோடு பேசும்போது டிஸ்க்கில் எந்த ஃபைல் என்று முழு பாத்தோடு (ஃபைல் இருக்கும் இடத்தின் முகவரியோடு) சொல்லவேண்டியது வெப் சர்வர். இரண்டும் ஒரே மெஷினில் இருந்த காலத்தில் அது நியாயம். இன்று என்ஜின்எக்ஸ் ஒரு கன்டெய்னரில், எஃப்பிஎம் இன்னொன்றில். முதல் கன்டெய்னரில் ரூட் /யூஎஸ்ஆர்/ஷேர்/என்ஜின்எக்ஸ்/எச்டிஎம்எல், இரண்டாவதில் கோடு இருப்பது /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல். தன்னிடம் உள்ள பாத்தை என்ஜின்எக்ஸ் அனுப்பும், அப்படி ஒரு ஃபைல் எஃப்பிஎம்மிடம் இருக்காது. திரையில் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்.' என்று வெறும் ஒரு வரி, லாகில் 'பிரைமரி ஸ்கிரிப்ட் அன்னோன்'. உடனே எல்லோரும் ஃபைல் பர்மிஷனை மாற்றும் சிஎச்மாடு போட ஓடுகிறார்கள். பர்மிஷனும் காரணமாக இருக்கலாம், ஆனால் கன்டெய்னரில் முதலில் பார்க்கவேண்டியது பாத்.

இதிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. பாதுகாப்புக்கு என்று, ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும் ட்ரை_ஃபைல்ஸ் வரியில் =404 சேர்த்திருப்பீர்கள். அது சோதிப்பது என்ஜின்எக்ஸ் பக்கத்து டிஸ்க்கை. அங்கே கோடே இல்லை என்றால் கோரிக்கை எஃப்பிஎம்மை எட்டவே எட்டாது. இரண்டையும் பிரித்தறிவது எளிது: நடுவில் ஒரு கிடைக்கோடும் அடியில் என்ஜின்எக்ஸ் பெயரும் உள்ள 404 பக்கம் என்றால் ட்ரை_ஃபைல்ஸ் தடுத்திருக்கிறது. அலங்காரமே இல்லாத அந்த ஒற்றை வரி வந்தால் எஃப்பிஎம் வரை போய்த் திரும்பியிருக்கிறது. இதை முதல் நிமிடத்தில் பார்த்துவிட்டால் அரை நாள் மிச்சம்.

என்ஜின்எக்ஸோடு ஃபாஸ்ட்சிஜிஐ_பாரம்ஸ், ஃபாஸ்ட்சிஜிஐ.கான்ஃப் என்று இரண்டு ஃபைல்கள் வருகின்றன. பிந்தையதில் ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் வரி உண்டு, முந்தையதில் கிடையாது. முந்தையதை மட்டும் இன்க்ளூட் செய்துவிட்டு அந்த வரியை மறந்தால் என்ன ஆகும்? வெள்ளைப் பக்கம், ஸ்டேட்டஸ் 200. எரர் லாகில் ஒரு எழுத்து இருக்காது, மானிட்டரிங்கோ எல்லாம் நலம் என்று பச்சை காட்டிக்கொண்டிருக்கும். இதைவிட மோசமான தோல்வி முறை கிடையாது.

அதே வெள்ளைப் பக்கத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஃபாஸ்ட்சிஜிஐ_பாரம் வரிகள் மேல் பிளாக்கிலிருந்து கீழே இறங்குவது, கீழ் பிளாக்கில் அப்படி ஒரு வரிகூட இல்லாதபோது மட்டும். 2016-ல் எச்டிடிபாக்ஸி என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, எச்டிடிபி_ப்ராக்ஸி என்ற மாறியைக் காலியாக்கும் ஒரு வரியை லொக்கேஷன் பிளாக்கில் சேர்க்கச் சொன்னார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் மற்ற எல்லா பாரம் வரிகளையும் சர்வர் பிளாக்கில் வைத்திருந்தவர்களுக்கு அந்த ஒரே வரியால் மீதி அத்தனையும் மறைந்துவிடும். இன்க்ளூட் வரியையும் லொக்கேஷனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கான்ஃபிக் சரியா என்று சோதிக்கும் என்ஜின்எக்ஸ் -டி கொடுத்தால் 'ஓகே' என்றுதான் சொல்லும், அதை நம்பவேண்டாம்.

ரிலீஸ் ஃபோல்டர்களை சிம்லிங்க் (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு) மாற்றி டிப்ளாய் செய்கிறவர்களுக்கும் இதே மாறிதான் எதிரி. $டாக்குமெண்ட்_ரூட் என்று எழுதினால் அனுப்பப்படும் பாத் ஒவ்வொரு ரிலீஸிலும் ஒன்றே. கம்பைல் செய்த கோடை நினைவில் வைக்கும் ஓப்கேஷும், பாத்தை நினைவில் வைக்கும் ரியல்பாத் கேஷும் பழைய கோடையே பிடித்துக்கொண்டு நிற்கும். $ரியல்பாத்_ரூட் என்று மாற்றினால் சிம்லிங்க் அவிழ்ந்து உண்மையான பாத் போகும், சிக்கல் தீர்ந்தது.

பாதுகாப்புப் பக்கமும் வேர் அதுவே. வெப் சர்வர் அனுப்பிய பாத்தில் ஃபைல் இல்லாதபோது எது ஃபைல் என்று பிஎச்பி ஊகிப்பதால்தான், படம்.ஜேபிஜி/எக்ஸ்.பிஎச்பி என்று கேட்டால் அப்லோட் செய்த படம் பிஎச்பியாக ஓடும் பழைய ஓட்டை வந்தது. எஃப்பிஎம்மின் செக்யூரிட்டி.லிமிட்_எக்ஸ்டென்ஷன்ஸ் அதை இப்போது .பிஎச்பி, .பிஎச்ஏஆர் என்ற இரண்டோடு நிறுத்துகிறது, அதை ஒருபோதும் காலியாக்காதீர்கள். 2019-ல் சிவிஇ-2019-11043 என்று எண்ணிட்ட ஓட்டையும் இதே குடும்பம். யூஆர்எல்லில் %0ஏ வந்தால் பாத்தைப் பிரிக்கும் ரெகெக்ஸ் தோற்று, பாத்_இன்ஃபோ காலியாகப் போய், எஃப்பிஎம்முக்குள் பாயின்டர் கணக்கு பிசகி, வெளியாள் கோடு ஓட்டும் அளவுக்குப் போனது. 7.1.33, 7.2.24, 7.3.11 பதிப்புகளில் அடைத்தார்கள். ஒன்று கட்டாயம்: எஃப்பிஎம்மின் 9000 போர்ட்டை வெளியே திறக்கவே கூடாது. இந்த புரோட்டோகாலில் பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை. இணைக்க முடிகிறவர் பிஎச்பி_வேல்யூ மாறியில், ஸ்கிரிப்டுக்கு முன் ஓடவேண்டிய ஃபைலைக் குறிக்கும் ஆட்டோ_பிரிபெண்ட்_ஃபைலை அனுப்பித் தனக்கு வேண்டியதை ஓட்டிக்கொள்வார்.

கோபத்தில் எல்லாப் பழியையும் இதன்மேல் போடுவதும் தவறு. 504 என்றால் என்ஜின்எக்ஸின் ரீட் டைம்அவுட், டீஃபால்ட் 60 வினாடி. எஃப்பிஎம்மின் ரெக்வெஸ்ட்_டெர்மினேட்_டைம்அவுட் வொர்க்கரை (கோரிக்கையைக் கவனிக்கும் புராசஸை) கொன்றால் 502. மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைம் 30 என்று வைத்தும் ஸ்கிரிப்ட் இரண்டு நிமிடம் தொங்குகிறதே என்றால், லினக்ஸில் டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் சேராது. 502 வந்தால் என்ஜின்எக்ஸ் எரர் லாகில் அடைப்புக்குள் வரும் எண்ணைப் படியுங்கள். 2 என்றால் சாக்கெட் ஃபைல் (ஒரே மெஷினில் இரண்டும் பேசிக்கொள்ளும் வழி) இல்லை, பெரும்பாலும் பிஎச்பி பதிப்பு மாறி சாக்கெட்டின் பெயர் மாறியிருக்கும். 13 என்றால் சாக்கெட்டின் உரிமையைச் சொல்லும் லிஸன்.ஓனர், லிஸன்.குரூப் சரியில்லை. 11 என்றால் வரிசை நிரம்பிவிட்டது, வொர்க்கர் எண்ணிக்கையின் வரம்பான பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரனைப் பாருங்கள்.

இணைப்பை மூடாமல் திறந்தே வைக்கும் கீப்-அலைவ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வரையறைப்படி ஒரே இணைப்பில் பல கோரிக்கைகள் ஒரே நேரத்தில் போகலாம், அதற்காகவே ஹெடரில் 2 பைட் ரெக்வெஸ்ட் ஐடி இருக்கிறது. என்ஜின்எக்ஸ் அதில் எப்போதும் 1 என்றே போடுகிறது. எஃப்பிஎம் வொர்க்கரும் ஒரு நேரத்தில் ஒரு இணைப்பைத்தான் கவனிக்கும். ஆகவே சும்மா திறந்துகிடக்கும் இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு வொர்க்கரை விழுங்குகிறது. என்ஜின்எக்ஸ் வொர்க்கர் 4, ஒவ்வொன்றிலும் கீப்-அலைவ் 8 என்றால் 32 இணைப்புகள். மேக்ஸ்_சில்ட்ரன் 20 என்றால் சிபியு சும்மா இருக்க, கோரிக்கைகள் வாசலில் நிற்கும். யூனிக்ஸ் சாக்கெட்டில் இதை அணைத்தே வையுங்கள், இழப்பு ஏதுமில்லை.

மனம் நிறைந்து பாராட்ட வேண்டியது ஃபாஸ்ட்சிஜிஐ_ஃபினிஷ்_ரெக்வெஸ்ட் என்ற ஃபங்ஷனை. அழைத்த கணமே பதில் முழுதும் பயனரிடம் போய்ச்சேரும், ஸ்கிரிப்ட் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்டர் உறுதியான பக்கத்தைக் காட்டிவிட்டு, மெயில் அனுப்புவதை அதன்பின் செய்யலாம். க்யூ சர்வர் எதுவும் வேண்டாம். முன்பாக செஷன்_ரைட்_குளோஸ் அழைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதே பயனரின் அடுத்த கிளிக் செஷன் லாக்கில் மாட்டும். வேலை முடியும்வரை வொர்க்கர் பிஸிதான் என்பதும் நினைவிருக்கட்டும்.

எரர் செய்திகளைச் சுமக்கும் எஸ்டிடிஎரர் தனி வழியாக வருவதும் அருமை. எச்டிடிபியில் அப்படி ஒரு வழியே கிடையாது. பிஎச்பியில் எரர்_லாக் எதையும் குறிப்பிடாமல் விட்டால், பிஎச்பி எச்சரிக்கையும் கேட்டவரின் ஐபியும் யூஆர்எல்லும் என்ஜின்எக்ஸ் லாகில் ஒரே வரியில் நிற்கின்றன. இரண்டு லாகை நேரம் பார்த்துப் பொருத்தும் வேலை மிச்சம். ஆனால் எச்டிடிபி கோரிக்கை அனுப்பும் கருவியான கர்ல் கொண்டு எஃப்பிஎம்மை நேரே தட்டிப்பார்க்க முடியாது. சிஜிஐ-எஃப்சிஜிஐ என்ற கருவியைத் தனியாக நிறுவி, ஸ்கிரிப்ட்_நேம், ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம், ரெக்வெஸ்ட்_மெத்தட் மூன்றையும் கையால் கொடுத்தால்தான் பிங்குக்குக்கூட பதில் வரும். உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பதற்கும் ஒரு ஃபைல்நேம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இத்தனை பாராட்டியபிறகும், புதிதாகக் கன்டெய்னரில் தொடங்குகிறவருக்கு இதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. கேடி (Caddy) என்ற வெப் சர்வருக்குள்ளேயே பிஎச்பியை ஓட்டும் ஃபிராங்கன்பிஎச்பி இருக்கும்போது, ஒரு பாத்துக்காக இரண்டு கன்டெய்னர்களுக்கு இடையே பஞ்சாயத்து பண்ணவேண்டிய அவசியமில்லை. ஒரே மெஷினில் யூனிக்ஸ் சாக்கெட்டோடு ஓடுகிற வேர்ட்பிரஸ் என்றால் கைவைக்காதீர்கள், அது ஓடட்டும். இரண்டு கன்டெய்னர்தான், மாற்ற வழியில்லை என்றால், இரண்டு இமேஜிலும் கோடை ஒரே பாத்தில், எழுத்துக்கு எழுத்து ஒன்றாகக் காப்பி செய்யுங்கள். அதைச் செய்துவிட்டால் மேலே சொன்ன ஃபைல்-இல்லை சண்டைகள் வராது.