விரல் கவுண்ட்டர்: நாள் முழுக்கத் துதிக்க இது உதவுமா?

மோதிரம் போல விரலில் மாட்டி, கட்டைவிரலால் அழுத்தி எண்ணுகிற சின்ன டிஜிட்டல் கவுண்ட்டர் இது. ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லும் பலருக்குப் பழக்கமான சாமான்தான். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்போம். ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதில்தான் இதன் பலன் முழுக்க இருக்கிறது.

முதலில் சாமானைப் பார்ப்போம். பெரும்பாலான மாடல்களில் ஐந்து இலக்கத் திரை, 99999 வரை ஓடும். பெரிய பட்டன் எண்ணுவதற்கு, பக்கத்திலேயே இருக்கும் சின்னப் பட்டன் பூஜ்யமாக்குவதற்கு. கோளாறு அந்தச் சின்னப் பட்டனில்தான். அது மேடாக இருந்தால் பையில் சாவியோடு உரசினாலே போதும், காலையிலிருந்து எண்ணியது அழிந்துவிடும். ஆகவே அது உள்ளே குழிந்திருக்கிறதா, பேனா முனையால் குத்தினால்தான் வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பட்டனை அழுத்தும்போது வரும் 'டிக்' சத்தத்தையும் அமைதியான அறையில் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் வந்தால் ஆபீசுக்கும் பஸ்ஸுக்கும் ஆகாது. பாத்திரம் கழுவும்போது கழற்றிவிட வேண்டும். தண்ணீர் புகுந்தால் எண்கள் பாதி பாதியாகத் தெரியும்.

பேட்டரி பல மாடல்களில் எல்ஆர்1130. எல்ஆர்44-உம் அதே 11.6 மி.மீ. அகலம்தான், ஆனால் தடிமன் 5.4 மி.மீ. எல்ஆர்1130 சுமார் 3.1 மி.மீ.தான். மாற்றி வாங்கினால் மூடி மூடாது. மூடி திருகு வைத்ததாக இருப்பது அவசியம். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அங்கே வெந்து புண்ணாகிவிடலாம்.

இனி பயன்படுத்தும் முறை. சொன்ன ஸ்தோத்திரங்களை எண்ணினால் சில நாளிலேயே கட்டைவிரல் வாயை முந்திவிடும். வாய் மனதை முந்திவிடும். 400 தாண்டியதும் கண் திரையிலேயே நிற்கும். அதனால் மனம் எத்தனை தடவை தேவனிடம் திரும்பியது என்பதை எண்ணுங்கள். ஒரு தடவை திரும்பி ஒரு வரி துதித்தாலும் பத்து வரி துதித்தாலும் ஒரே அழுத்து.

தினமும் தவறாமல் செய்கிற மூன்று வேலைகளை முதலில் தேர்ந்தெடுங்கள்: கதவைத் திறப்பது, தண்ணீர் குடிப்பது, செருப்பு மாட்டுவது மாதிரி. 'ஓய்வு கிடைக்கும்போது' என்று வைத்தால் நடக்காது, ஓய்வுக்கு அடையாளம் எதுவும் கிடையாது. கைப்பிடியில் கை பட்டதும் துதி, பிறகு அழுத்து. இந்த வரிசை மாறக் கூடாது. அழுத்திவிட்டுச் சொல்லலாம் என்று விட்டால் சொல்லாமலே போய்விடும்.

என்ன சொல்வது? பைபிளில் வரும் 136-ஆம் சங்கீதம் நல்ல வழிகாட்டி. 26 வசனங்களும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்றே முடிகின்றன, ஆனாலும் சலிப்பதில்லை. ஒவ்வொரு வசனத்தின் முன்பாதியும் தேவன் யார், என்ன செய்தார் என்று புதிதாக ஒன்றைச் சொல்கிறது. நாமும் அப்படியே ஒரு காரணம், ஒரு ஸ்தோத்திரம் என்று சேர்க்கலாம். தண்ணீர் குடிக்கும்போது, 'தாகத்துக்குத் தண்ணீரைப் படைத்தீரே, ஸ்தோத்திரம்.' நான்கைந்து நொடிதான். காரணம் இல்லாமல் 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்று மட்டும் ஓட்டினால் இரண்டாம் வாரத்தில் நாக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

இன்னொரு வழுக்கல் உண்டு. 'ஆரோக்கியம் தந்தீரே' என்று தொடங்குவது, 'இந்த முழங்கால் வலியையும் எடுத்துவிடும்' என்று முடிவது. ஜெபத்தில் அது தவறே இல்லை. ஆனால் துதிக்கென்று வைத்த அந்த நான்கு நொடியையும் விண்ணப்பம் எடுத்துக்கொள்ளும். விண்ணப்பத்துக்குத் தனி நேரம் வையுங்கள்.

மனம் நொந்திருக்கும் நாளில் எண்ணிக்கை சரியும். சரியட்டும். 119-ஆம் சங்கீதக்காரன் சொன்னதே 'ஒரு நாளில் ஏழுதரம்' என்றுதான். நேற்றைய கடனை இன்று சேர்த்து அடைக்கப் பார்க்காதீர்கள். இரவில் படுக்கும் முன் எண்ணைப் பார்த்து, பூஜ்யமாக்கிவிட்டுத் தூங்குங்கள். எண்ணை யாரிடமும் சொல்லவும் வேண்டாம், வீட்டில் ஒப்பிடவும் வேண்டாம்.

மூன்று வேலைகளும் படிந்த பிறகே நான்காவதைச் சேர்க்க வேண்டும். படிந்ததா என்று அறிய, ஒரு நாள் கவுண்ட்டர் இல்லாமல் இருந்து பாருங்கள். கைப்பிடியைத் தொட்டதும் துதி தானாக வந்தால் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடலாம். வைக்கும்போது பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து தகட்டை அரித்துவிடும், அடுத்தவருக்குக் கொடுக்க உதவாது.