அழித்த பேக்கப்பை மீட்க: ரெஸ்டிக், போர்க்

ரெஸ்டிக், போர்க் இரண்டும் பேக்கப் எடுக்கும் மென்பொருள்கள். எதில் அழித்திருந்தாலும், கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் வசதி) ஓடும் பேக்கப் பணியை உடனே நிறுத்துங்கள்.

ரெஸ்டிக்கில் ‘ஃபர்கெட்’ கட்டளை ஸ்னாப்ஷாட் கோப்பை (ஒரு பேக்கப்பின் பதிவை) மட்டுமே அழிக்கும். பயன்படாத தரவை நீக்கும் ‘ப்ரூன்’ ஓடாதவரை தரவு அப்படியே இருக்கும். ‘ரெஸ்டிக் ரிகவர்’ ஒன்றே போதும். ஆனால் பேக்கப்பின் பழைய தேதி திரும்பாது. ஹாஷ் (எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி) பெயரில் அடைவுகள்தான் வரும், உள்ளே பார்த்துத்தான் எது எதுவென்று பிரிக்க வேண்டும்.

போர்க் 1.2 முதல் அழித்த தரவின் இடத்தை விடுவிக்கும் ‘காம்பாக்ட்’ ஓடும்வரை அவகாசம் உண்டு. மீட்பதோ கைவேலை. ரெப்போவை (பேக்கப் தரவு முழுதும் இருக்கும் அடைவை) முழுதாக நகலெடுங்கள், இதைத் தவிர்க்கவே கூடாது. நகலில், அழித்தபோதும் அதன் பிறகும் எழுதிய செக்மென்ட்கள் (எண்ணிட்ட தரவுக் கோப்புகள்), இண்டெக்ஸ், ஹின்ட்ஸ், இன்டெக்ரிட்டி கோப்புகளை நீக்கி, கிளையன்டில் (பேக்கப் எடுக்கப்படும் கணினியில்) உள்ள கேஷையும் அழித்து, ‘போர்க் செக்’ ஓட்டுங்கள். ஆர்க்கைவ் (போர்க்கில் ஒரு பேக்கப்) பழைய பெயர், தேதியோடு வரும். அப்பெண்ட்-ஒன்லி (சேர்க்க மட்டுமே விடும்) ரெப்போ என்றால் செக்மென்ட் எண் ‘டிரான்சாக்‌ஷன்ஸ்’ கோப்பிலேயே இருக்கும். இல்லாவிட்டால் கோப்பு நேரத்தை வைத்து ஊகிக்கத்தான் வேண்டும். அவசரத்துக்கு ரெஸ்டிக்கே பத்திரம்.