ரெடிமேட் முல்லர் ஹின்டன் ப்ளேட் வாங்கலாமா?

எங்க லேப்ல டிஸ்க் டெஸ்ட்டுக்கு (கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக் கேக்கும்னு மருந்து வில்லை வச்சுப் பாக்குறது) இப்ப ரெடிமேட் ப்ளேட்தான், அதாவது கிருமி வளர்க்கிற அகார் ஜெல்லி ஊத்தியே வர்ற தட்டு. அகாரை ஆட்டோகிளேவ்ல (நீராவில கிருமி நீக்குற மெஷின்) வச்சு ஊத்தி ஆற வைக்கிற பாடு மிச்சம். ஆனா முதல் பாக்ஸ்ல அகார் ஒரு பக்கம் தடிமனா இன்னொரு பக்கம் மெலிசா சாஞ்சு கிடந்துச்சு, 4 மிமீ சமமா இருக்கணும்ல, மெலிசா இருந்தா டிஸ்க்கைச் சுத்திக் கிருமி வளராத வட்டம் பெருசா வந்து, மருந்துக்கு அடங்காத ரெசிஸ்டன்ட் கிருமிக்குக்கூட மருந்து கேக்குதுன்னு ரிப்போர்ட் போயிரும். போன் பண்ணதும் மாத்திக் குடுத்தாங்க, அதுக்கு ஒரு சபாஷ். புது பாக்ஸ்ல தரம் பாக்குறதுக்குன்னே வச்சிருக்கிற ஈ.கோலை 25922 கிருமியைத் தேச்சு ஜென்டாமைசின் 10 மைக்ரோகிராம் டிஸ்க் வச்சோம், மறுநாள் வட்டத்தை அளந்தா 22 மிமீ, இருக்க வேண்டிய 19-26க்குள்ளதான். மூடில தண்ணி கோத்துக்குது, தேய்க்கிறதுக்கு முன்னாடி காய வைங்க. விலை ஜாஸ்திதான், தினம் நாலஞ்சு கல்ச்சர் பாக்குற சின்ன லேப்புக்கு ஓகே, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகாது.