பனங்களி ஜாமும் மீடியாவிக்கியும்: இரண்டு பருவங்களின் பின்

பனம்பழம் ஆவணி, புரட்டாதியோடு தீர்ந்துவிடும். அதன் கூழான களியில் செய்யும் ஜாமில் கண்ட பிழையைப் புதுப் பழத்தில் திருத்திப் பார்க்க அடுத்த ஆவணிவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பரிசோதனை செய்தவர் வேறு வேலைக்குப் போய்விட, அவருடைய கொப்பியும் அவரோடு போய்விடும். யாழ்ப்பாணம், கோண்டாவிலில் உள்ள எமது சிறிய உணவு பதனிடும் நிலையத்தின் நீண்டநாள் குறை இது. 1989இல் சேர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வுகூடத்தில் டிம் பேர்னேர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான முதல் முன்மொழிவை எழுதியபோது எடுத்துக்காட்டிய குறையும் இதுவே: இரண்டு ஆண்டுகளில் ஆட்கள் மாறிவிட, அவர்கள் அறிந்ததும் தொலைந்து போகிறது.

இதற்காக, 2002 முதல் விக்கிப்பீடியாவை இயக்கிவரும் மீடியாவிக்கி என்ற, பலர் சேர்ந்து பக்கங்களை எழுதித் திருத்த உதவும் இலவச மென்பொருளை அலுவலகக் கணினியில் நிறுவினோம். இடைமுகம் தமிழிலேயே கிடைப்பதால் எவரும் தயங்கவில்லை.

எமக்குப் பெரிதும் உதவியது ‘வார்ப்புரு’ வசதி. போத்தலைக் கொதிநீரில் கிருமிநீக்கி, சூடாக நிரப்பி, மூடிக் கவிழ்த்து வைக்கும் முறையை ஒரே வார்ப்புருவாக எழுதி, நெல்லிரசம், மாம்பழ ஜாம், களி ஜாம் ஆகிய மூன்றின் பக்கங்களிலும் இணைத்துள்ளோம். கவிழ்த்து வைக்கும் நேரத்தை ஓரிடத்தில் மாற்றினால் மூன்றிலும் மாறிவிடுகிறது. முன்பு இது மூன்று கொப்பிகளில் மூன்று விதமாக இருந்தது.

களிக்குக் கசப்பைத் தரும் பிளாபெலிபெரின் என்ற சேர்வையின் அளவு மரத்துக்கு மரம் வேறுபடுவதால், எந்த வளவுப் பழம் என்பதையும் ஒவ்வொரு பரிசோதனையிலும் குறிக்கிறோம். சென்ற பருவத்தில், பிரிக்ஸ் (கரைந்த சீனியின் அளவு) 68 வந்தும் ஜாம் இறுகாமல் இளகி நின்றபோது, புதிதாகச் சேர்ந்திருந்த பிள்ளை ஒருவர் பழைய பக்கத்தின் ‘வரலாறு’ பகுதியைத் திறந்து பார்த்தார். தேசிக்காய்ப் புளியைக் குறைத்த நாளில் இப்படியே நடந்தது என்று முன்னவர் எழுதிப் பின்னர் நீக்கிய வரி அங்கே இருந்தது. சீனி போதுமானதாக இருந்தாலும் புளிப்புக் குறைந்தால், ஜாமை இறுகச் செய்யும் பழப்பொருளான பெக்டின் இறுகாது. புளியைக் கூட்டியதும் அடுத்த தொகுதி சரிவந்தது. தவறிய முயற்சிகளையும் அழியவிடாமல் வைத்திருப்பதையே இம்மென்பொருளின் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன்.

அட்டவணைகளை விக்கிக் குறியீட்டில் எழுதுவது கடினம். ஆனால் 2020இல் வந்த 1.35 பதிப்பிலிருந்து, பார்த்தபடியே தொகுக்கும் கருவியும் உடன் கிடைக்கிறது. தயாரிப்பு விகிதங்களைச் சிலருக்கு மட்டுமே காட்ட விரும்பும் நிறுவனங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் தனிப் பக்கங்களை மறைத்து வைப்பதற்காக இது வடிவமைக்கப்பட்டதன்று. பாதுகாப்புக்காகப் பிரதியெடுக்கும்போது தரவுத்தளத்தோடு படக்கோப்புறையையும் எடுக்க வேண்டும்.

களி ஒட்டிய கையோடு விசைப்பலகையைத் தொட முடியாது. ஆகவே அடுப்படியில் தாளில் குறித்து, மாலையில் பக்கத்தில் ஏற்றி, கறைபடிந்த அந்தத் தாளின் படத்தையும் கீழே சேர்த்துவிடுகிறோம்.