மதுரை அண்ணா நகர் விவாதப் பயிற்சி வகுப்பு: தனிநாட்டு அணிக்குப் பேசுவது எப்படி?

பட்டிமன்றத்துக்குப் பேர்போன ஊரில் கைதட்டலுக்குப் பேசச் சொல்லித்தரும் இடங்கள் நிறைய. இந்த வகுப்பு கணக்கோடு பேசப் பழக்குகிறது. இப்போதைய தலைப்பு, பிரிட்டனிலிருந்து பிரிந்து தனிநாடாவதா என்று 2014இல் ஸ்காட்லாந்தில் நடந்த வாக்கெடுப்பு; பேச வேண்டியது பிரிவதை ஆதரித்த ‘ஆம்’ அணிக்கு.

முதலில் கேள்வியையே பிரித்துப் பார்க்கிறார்கள். முதலில் முன்மொழிந்த கேள்வியில் இருந்த ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்ற சொல் வாக்காளரை ‘ஆம்’ பக்கம் சாய்க்கும் என்று தேர்தல் ஆணையம் சொன்னதால், ‘ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டுமா?’ என்று மாற்றினார்கள். அருமையான தொடக்கம்.

அடுத்தது நாணயம். பலர் சறுக்குவது இங்கேதான். பவுண்டைப் பகிர மாட்டோம் என்று லண்டனின் மூன்று பெரிய கட்சிகளும் கைவிரித்தபோது, மாற்றுவழியைத் தெளிவாகச் சொல்லாதது ‘ஆம்’ அணியைப் பலவீனமாக்கியது. அயர்லாந்து 1928 முதல் 1979 வரை தன் நாணயத்தைப் பவுண்டுக்குச் சமமாக வைத்திருந்ததை எடுத்துவைக்கச் சொல்கிறார்கள். வலுவான வாதம். ‘அப்போது வட்டி விகிதம் யார் கையில்?’ என்று எதிரணி கேட்கும். அதற்கு விடை பழக்காதது பெரிய குறை.

தனிநாடானால் வடகடல் எண்ணெயில் வரும் வருமானத்தைக் காட்டும் கணக்குத் தாளும் பழையது. 2014 பிற்பாதியில் எண்ணெய் விலை சரிந்ததைச் சேர்க்காவிட்டால் நடுவர் மடக்கிவிடுவார்.

84.6 சதவீதம் பேர் வாக்களித்ததில் ‘ஆம்’ 44.7. இதை மறைக்காமல் முதல் நிமிடத்திலேயே சொல்லவைப்பது இவர்களின் நேர்மை. மேல்நிலை மாணவர்கள் தாராளமாகச் சேரலாம்.